முதல் வகுப்பு ஆசிரியை ஒருவரின் பணிநிறைவு: சென்னை மாநகராட்சிப் பள்ளியில் நடந்த பாராட்டு முயற்சி பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

அடையாற்றங்கரையை ஒட்டிய ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. 1 முதல் 5 வரை சுமார் 210 பிள்ளைகள், தலைமை ஆசிரியையோடு சேர்த்து 9 ஆசிரியர்கள். பெற்றோரில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், பெயின்டர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், தூய்மைப் பணியாளர்கள், பூக்கட்டி விற்பவர்கள். இங்கே இடைநிலை ஆசிரியையாக இருந்த ஒருவர் 60 வயது நிறைந்து 2024 மே 31 அன்று ஓய்வுபெற வேண்டியிருந்தது. 1990-ல் பணியில் சேர்ந்தவர். மூன்று மாநகராட்சிப் பள்ளிகளில் பணியாற்றி 2009 முதல் இங்கே இருந்தார். தலைமை ஆசிரியையாகப் போகும் வாய்ப்பு இரண்டு முறை வந்தும் வேண்டாம் என்று உரிமைவிடல் எழுதிக் கொடுத்துவிட்டார். 34 ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாமே 1-ம் வகுப்பு.

ஓய்வு வயது 58 ஆகவே இருந்திருந்தால் அவர் 2022-லேயே போயிருப்பார். 2020-ல் 59 ஆகவும் 2021-ல் 60 ஆகவும் வயது உயர்ந்ததில் பணிநிறைவு இரண்டு ஆண்டு தள்ளிப்போனது. அந்த இரண்டு ஆண்டும் யாரும் எதையும் தொடங்கவில்லை. நிறைய நேரம் இருப்பதாக எல்லோருக்கும் ஒரு நினைப்பு.

இந்த நிகழ்வைப் பதிவு செய்வதற்கு இரண்டு காரணங்கள். 10-ம் வகுப்பு ஆசிரியருக்குத் தேர்ச்சி விழுக்காடு என்று ஒன்று இருக்கிறது. 1-ம் வகுப்பு ஆசிரியருக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆறு வயதில் எழுத்துக்கூட்டக் கற்றவர் தான் கற்ற விதத்தை நினைவில் வைத்திருப்பதில்லை, எப்போதும் படிக்கத் தெரிந்திருந்ததாகவே நினைக்கிறார். ஆகவே இவர்களுடைய வேலையைப் பாராட்டுவதற்கு முன் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது நாட்காட்டிச் சிக்கல். மே 31 கோடை விடுமுறையின் நடுவில் வருகிறது. கல்வியாண்டின் இடையில் ஓய்வுபெறுபவர்களுக்கு ஆண்டு முடியும் வரை மறுநியமனம் உண்டு. மே மாதத்தில் முடிபவர்களுக்கு அதற்கு இடமில்லை. கடைசி நாளில் பள்ளியில் பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள், சக ஆசிரியர்களும் இருக்க மாட்டார்கள்.

முதல் திட்டமும் அது நின்ற விதமும்

2023 ஆகஸ்டில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. திட்டம் வழக்கமானதுதான். வளாகத்தில் சாமியானா, ஆளுயர மாலை, பொன்னாடை, வாசலில் பிளக்ஸ், அரைப் பவுன் மோதிரம், மாமன்ற உறுப்பினர் தலைமை. செலவுக்கு ஒரு பிள்ளைக்கு 200 ரூபாய். நல்லெண்ணத்தில் எடுத்த முடிவு என்பதால் யாரும் மறுத்துப் பேசவில்லை.

இரண்டு வகுப்புகளில் வசூல் தொடங்கிய வாரமே 2-ம் வகுப்பில் நான்கைந்து பிள்ளைகள் வரவில்லை. காய்ச்சல் பரவும் பருவம் என்பதால் முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வகுப்பாசிரியை ஒரு வீட்டுக்குப் போய் விசாரித்தபோது அந்தத் தாய் சொன்னது: "கூலி வந்ததும் குடுத்துடலாம்னு இருந்தேன் டீச்சர். அதுவரைக்கும் புள்ளைய அனுப்ப ஒரு மாதிரியா இருந்துச்சு." இந்தச் செய்தி ஓய்வுபெறப் போகும் ஆசிரியையின் காதுக்கும் போனது. அவர் தலைமை ஆசிரியையிடம் கேட்டது ஒரே கேள்வி: "மேடம், குடுக்க முடியாதவங்க வீட்டுப் புள்ள நாளைக்கு என் முகத்தைப் பார்க்குமா?"

வசூலித்த பணம் மறுநாளே கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப்பட்டது. நடத்தை விதிகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. 1973-ம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் பரிசு வாங்குவதற்கும் நிதி திரட்டுவதற்கும் கட்டுப்பாடு வைக்கின்றன, மாநகராட்சிப் பணியிலும் அதே ஒழுங்குதான் எதிர்பார்க்கப்படுகிறது. சக ஊழியர்கள் தங்களுக்குள் நடத்தும் எளிய வழியனுப்பு வேறு, பிள்ளைகளின் பெற்றோரிடம் திரட்டிப் போடும் தங்கம் வேறு. ஆனால் விதி புத்தகத்தில் இருப்பது தெரிந்தும் பல பள்ளிகளில் இந்த மோதிரம் போடப்படுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அதன்பின் ஐந்து பேர் கொண்ட சிறு குழு பொறுப்பேற்றது. தலைமை ஆசிரியை, 2-ம் வகுப்பின் இளைய ஆசிரியை, மேலாண்மைக் குழுத் தலைவரான ஒரு தாய், முன்னாள் மாணவர் இருவர். முதல் கூட்டத்தில் மூன்று விஷயங்கள் முடிவாயின. பெற்றோரிடம் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. விழா எத்தனை சிறியதானாலும் பரவாயில்லை, அவர் செய்த வேலை என்னவென்று எழுத்தில் இருக்க வேண்டும். ஓய்வூதியத் தாள்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று விழாவுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். மூன்றாவதைச் சொன்னவர் மேலாண்மைக் குழுத் தலைவர். அவருடைய மாமியார் மாநகராட்சித் தூய்மைப் பணியில் இருந்து ஓய்வுபெற்று, ஓய்வூதியத்துக்குப் பல மாதம் அலைந்தவர்.

பதிவேடுகளில் கிடைத்தவை

செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் இதற்கே போனது. தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியரின் தடம் இருக்கக்கூடிய இடங்கள் சேர்க்கைப் பதிவேடு, மாணவர் வருகைப் பதிவேடு, ஆய்வுக்கு வரும் அலுவலர்கள் எழுதும் பார்வையாளர் பதிவேடு, தலைமை ஆசிரியரின் நாட்குறிப்பு, பாடக்குறிப்பேடு, பிறகு சுவரில் மாட்டிய குழுப் படங்கள். இவற்றில் பாடக்குறிப்பேடுதான் வகுப்பறைக்கு மிக அருகில் இருப்பது. ஆண்டு முடிந்ததும் எடைக்குப் போவதும் அதுதான்.

இந்தப் பள்ளியில் 2015 டிசம்பர் வெள்ளம் தரைத்தளத்து பீரோவின் கீழ் இரண்டு தட்டுகளை நனைத்திருந்தது. சேர்க்கைப் பதிவேடு மேல்தட்டில் இருந்ததால் தப்பியது. வருகைப் பதிவேடுகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டன. நனைந்த பதிவேட்டை வெயிலில் காயவைத்ததுதான் அன்று செய்த கேடு. நீல மை ஊறிப் பரவி, தாள் சுருங்கி, பக்கங்கள் பிரிக்க முடியாமல் போயிருந்தன. நிழலில், மின்விசிறிக் காற்றில், பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு வெற்றுத்தாள் செருகி, அதை அடிக்கடி மாற்றிக் காயவைத்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும்.

முந்தைய பள்ளிகளில் இரண்டில் தலைமை ஆசிரியர்கள் ஒத்துழைத்தார்கள். ஒன்றில் 1994 முதல் 1998 வரையான குழுப் படங்கள் கிடைத்தன. படத்தின் பின்னால் பெயர் எழுதியிருந்தது ஒன்றில் மட்டும். மற்றதில் 2004-ம் ஆண்டின் பார்வையாளர் பதிவேடு இருந்தது. பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிப்படியாகக் கற்கும் செயல்வழிக் கற்றல் முறை 2003-ல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி அடுத்த ஆண்டு எல்லா மாநகராட்சிப் பள்ளிகளுக்கும் வந்த நேரம் அது. கற்றல் படிகளைக் காட்டும் ஏணி, சின்னங்கள் போட்ட அட்டைகள், தட்டுகள், சுவரோரம் கீழ்மட்டக் கரும்பலகை, பிள்ளைகளின் தாள்களைத் தொங்கவிடக் கம்பிப் பந்தல். ஓர் அலுவலர் இவருடைய வகுப்பைப் பற்றி நான்கே வரி எழுதியிருந்தார்: பிள்ளைகள் அட்டையைத் தாங்களே எடுக்கிறார்கள், திரும்ப வைக்கிறார்கள், எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்று கேட்டதற்கு ஆசிரியை ஏட்டைப் பார்க்காமல் சொன்னார். கோப்பு முழுவதிலும் இதைவிட வலுவான சான்று ஒன்றுமில்லை.

இவரிடம் படித்தவர்களில் எத்தனை பேர் 10-ம் வகுப்பு முடித்தார்கள் என்று கணக்கெடுக்கவும் ஒரு முயற்சி நடந்தது. இரண்டு வாரத்தில் கைவிடப்பட்டது. பழைய ஆண்டுகளுக்கு இணையப் பதிவு கிடையாது, குடும்பங்கள் இடம் மாறிவிட்டன, அப்படியே எண் கிடைத்தாலும் நடுவில் பத்துப் பேர் பாடம் நடத்தியிருக்கிறார்கள். கைவிட்டது சரிதான்.

நினைவுகளைத் திரட்டியது

வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. அதற்கு முன்பே கண்ணகி நகருக்குப் போனவர்களும் உண்டு. முன்னாள் மாணவர்களைத் தேட முகநூல் உதவவில்லை. உதவியவை ஆட்டோ நிறுத்தங்கள், பெரும்பாக்கத்தில் ஒரு மளிகைக் கடை, ஆடி மாதம் கூழ் ஊற்றப் பழைய தெருவுக்குத் திரும்பி வந்தவர்களிடம் வாங்கி வைத்திருந்த கைப்பேசி எண்கள்.

எழுதிக் கேட்டால் வராது என்பதால் வாட்ஸாப்பில் குரல் பதிவு, இரண்டு நிமிடத்துக்குள் என்று முடிவானது. முதலில் அனுப்பிய கேள்வி "டீச்சரைப் பற்றி உங்கள் நினைவைச் சொல்லுங்கள்". வந்த பன்னிரண்டு பதிவுகளும் ஒன்றுபோல இருந்தன. தாய் மாதிரி, தெய்வம் மாதிரி, அவங்க இல்லேன்னா நான் இல்ல. சொன்னவர்கள் மனதார்ந்து சொன்னதுதான், ஆனால் எந்த ஆசிரியைக்கும் பொருந்தும்.

கேள்வி மாற்றப்பட்டது. வகுப்பில் எந்த இடத்தில் உட்கார்ந்தீர்கள்? அப்போது கையில் என்ன இருந்தது? எதற்குத் திட்டு வாங்கினீர்கள்? இந்த மூன்றோடு எந்த ஆண்டு என்பதும். அடுத்து வந்த 26 பதிவுகளும் வேறு வகை. ஜன்னலோரம் உட்கார்ந்ததால் கரும்பலகையில் வெயில் பட்டு எழுத்து தெரியாமல் போனதையும், அதை டீச்சர் கண்டுபிடித்த விதத்தையும் ஒருவர் சொன்னார். கண் பரிசோதனைக்கு அழைத்துப் போனது, புளியங்கொட்டையில் எழுத்து அடுக்கியது, சிலேட்டை எச்சில் தொட்டு அழித்ததற்குத் திட்டு வாங்கியது என்று ஒவ்வொன்றாக வந்தன. திட்டைப் பற்றிக் கேட்டதுதான் வாயைத் திறந்தது. திட்டு நினைவிருப்பவருக்கு அந்த அறையே நினைவிருக்கிறது.

ஒரு பதிவு மட்டும் குழுவைத் தடுமாற வைத்தது. 1992-ல் படித்தவர், இப்போது ஒரு பட்டறையில் வேலை செய்கிறார். டீச்சர் அடிஸ்கேலால் முட்டியில் அடித்ததையும், அந்த ஆண்டு முழுவதும் பள்ளிக்குப் போகவே பயந்ததையும் நிதானமாகச் சொல்லியிருந்தார். கோபம் இல்லை. கேட்டதால் சொன்னார். விழாக் கோப்பில் இது எதற்கு என்று இருவரும், இதை விட்டால் மற்றதையும் நம்ப முடியாது என்று இருவரும் நின்றார்கள். தலைமை ஆசிரியை அதை ஆசிரியையிடமே போட்டுக் காட்டினார். அவர் மறுக்கவில்லை. சேர்ந்த முதல் நான்கைந்து ஆண்டுகள் அப்படித்தான் நடத்தியதாகவும், அடி வாங்கும் பிள்ளை மறுநாள் புத்தகத்தை மறந்துவிட்டு வருகிறது என்று கவனித்த பிறகு நிறுத்தியதாகவும் சொன்னார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு உடல் தண்டனையைத் தடை செய்தது 2009-ல். இவர் நிறுத்தியது அதற்கு வெகு முன்னால். பதிவையும் அவர் பதிலையும் அடுத்தடுத்துக் கோப்பில் வைப்பது, மேடையில் சொல்வதில்லை என்று முடிவானது. அந்த மாணவரிடமும் அனுமதி கேட்கப்பட்டது.

வகுப்பறையில் கவனித்தவை

இளைய ஆசிரியை நவம்பர் முதல் பிப்ரவரி வரை வாரம் ஒரு மணி நேரம் அந்த வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். "உங்கள் கற்பிக்கும் முறை என்ன?" என்று கேட்டபோது ஆசிரியையால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. "எல்லாரும் செய்யறதுதான்" என்றார். "இப்போ இந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்த அட்டையைக் கொடுத்தீங்க?" என்று அப்போதைக்கப்போது கேட்டால் துல்லியமான பதில் வந்தது. இந்த வேறுபாடு புரிந்த பிறகுதான் குறிப்புகள் தேறின.

ஜூன் மாதம் முதல் மூன்று வாரம் நோட்டு கிடையாது. தரையும் கீழ்மட்டக் கரும்பலகையும்தான். சாக்பீஸை ஓர் அங்குலத்துக்கும் குறைவான துண்டாக உடைத்தே கொடுப்பார். முழுச் சாக்பீஸைக் குழந்தை முஷ்டியால் பிடிக்கும், சிறு துண்டை மூன்று விரலால்தான் பிடிக்க முடியும். பென்சில் பிடி அதிலேயே வந்துவிடுகிறது. புதிய சாக்பீஸ் பெட்டியை உடைத்து வீணாக்குவதாக ஒரு காலத்தில் இவர்மேல் புகார்கூட இருந்ததாம்.

எழுத்துகளை அ, ஆ என்று வரிசையாகத் தொடங்குவதில்லை. ட, ப, ம முதலில். கோடுகளால் ஆனவை, கைக்கு எளியவை, மூன்று வந்ததும் படம், மடம், பட்டம் என்று சொல் கிடைத்துவிடும். முதல் வாரத்திலேயே ஒரு சொல்லைப் படித்த பிள்ளை மறுநாள் தானாக வருகிறது என்பது அவர் கணக்கு. அ, ஆ வரிசை பாட்டாகத் தனியே ஓடும்.

மெய்யோடு உயிர்க்குறி சேரும் இடத்தில்தான் பெரும்பாலான பிள்ளைகள் நின்றுபோகிறார்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ என்பதைப் பிள்ளை "கெ, கால்" என்று இரண்டாகப் படிக்கும். இவர் க அட்டையை நடுவில் வைத்து, முதலில் அதைத் தொட்டு ஒலித்துவிட்டு, பிறகு இரு பக்கமும் குறி அட்டைகளை ஒரே நேரத்தில் இரு கையாலும் நகர்த்தச் சொல்வார். இரு கையும் சேர்ந்து வந்தால் ஒலியும் ஒன்றாகச் சேர்கிறது. இதற்கு ஜனவரி முழுவதும் ஆகும். அவசரப்படுத்தி முடித்த வகுப்புகளில் 3-ம் வகுப்பு வரை அந்தத் தடுமாற்றம் நீடிப்பதை மற்ற ஆசிரியர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

எண்ணில் இரண்டு இடங்கள். இருநூற்று ஐந்தை 2005 என்று எழுதுவது 2-ம் வகுப்பில் வரும். அதற்கு முன்பே 1-ம் வகுப்பில் தொண்ணூறு. காதில் நூறு விழுவதால் பிள்ளை 100 எழுதிவிடும். தென்னங்குச்சிப் பத்துக் கட்டுகளை எண்பது வரை அடுக்கி, ஒன்பதாவது கட்டை வைத்துவிட்டு, நூறுக்கு இன்னும் ஒரு கட்டு பாக்கி என்பதைக் கையால் காட்ட வைப்பார்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒரு நாற்பது பக்க நோட்டு. நாள்தோறும் ஐந்து பிள்ளைகளைத் தனித்தனியாக இரண்டு நிமிடம் படிக்க வைப்பார். வகுப்பில் 31 பேர், ஏழாவது வேலைநாளுக்குள் சுற்று முடிந்துவிடும். நோட்டில் தேதி, படித்த பகுதி, எந்த எழுத்தில் நின்றது, வேறு ஏதாவது. "வேறு ஏதாவது" என்ற கடைசிப் பத்தியில் இருப்பவைதான் 34 ஆண்டு அனுபவம். கண்ணைச் சுருக்குகிறான். திங்கட்கிழமை மட்டும் தூங்குகிறாள். அப்பா ஊரில் இல்லை. ஏப்ரலில் இதிலிருந்து பிள்ளைக்கு மூன்று வரி வீதம் எடுத்து 2-ம் வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்துவிடுவார். பெரும்பாக்கத்துக்கு ஆண்டு நடுவில் குடிபெயர்ந்த பிள்ளைகளுக்குப் பதிவுத்தாளோடு இந்த மூன்று வரித் துண்டையும் குத்தி அனுப்பியிருக்கிறார். பதிவுத்தாளில் வகுப்பும் பிறந்த தேதியும் இருக்கும், எந்த எழுத்து வரை வந்தது என்று இருக்காது.

கொரோனா மூடலுக்குப் பிறகு 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது 2-ம் வகுப்பைக் கேட்டு வாங்கியவர் இவர். வகுப்பறையையே பார்க்காமல் 2-ம் வகுப்புக்கு வந்துவிட்ட பிள்ளைகள் அவர்கள். அடுத்த ஆண்டு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கச் சொன்னபோது இவருடைய நோட்டில் அந்தப் பிரிவு ஏற்கனவே இருந்தது.

பணிப்பதிவேடு

நவம்பரில் தலைமை ஆசிரியை பணிப்பதிவேட்டை வரவழைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே ஓய்வூதிய முன்மொழிவு போயாக வேண்டும் என்ற கணக்கில் பார்த்தால் அதுவே தாமதம்.

நான்கு ஓட்டைகள் தெரிந்தன. 1996-97 ஆண்டுக்குப் பணிக்காலம் சரிபார்க்கப்பட்டதற்கான கையெழுத்து இல்லை. 2003 ஜூலை வேலைநிறுத்த நாட்கள் எப்படி முறைப்படுத்தப்பட்டன என்ற பதிவு இல்லை. அந்தக் காலத்தில் பணியில் இருந்த பலருடைய ஏட்டிலும் இந்த இடம் காலியாக இருக்கும், தேடிப் பார்க்க வேண்டிய முதல் பக்கமே இதுதான். பதிவேட்டில் தகப்பனார் முன்னெழுத்தும் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் கணவர் பெயரும் இருந்தன. வாரிசு நியமனம் 1991-ல் எழுதியது, அதில் இருந்தவர் காலமான அவருடைய தாயார்.

சரிபார்ப்புக் கையெழுத்துக்கு அந்த ஆண்டின் சம்பளப் பட்டியல் நகல் தேவைப்பட்டது. முந்தைய பள்ளியில் அது கிடைக்க ஏழு வாரம் ஆனது. பெயர் வேறுபாட்டுக்கு இருவரும் ஒருவரே என்ற சான்று, வாரிசு நியமனத்துக்குப் புதிய படிவம், கணவருடன் சேர்ந்தெடுத்த புகைப்படம். ஈட்டிய விடுப்புக் கணக்கும் கையோடு சரிபார்க்கப்பட்டது. பணமாக்க அனுமதி 240 நாள் வரை. ஏட்டில் கூட்டல் பிழையால் 11 நாள் குறைவாக இருந்தது. தேவையான தாள்கள் அனைத்தும் ஜனவரி இறுதியில்தான் போய்ச் சேர்ந்தன.

விருது பற்றிய முடிவு

செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்தையொட்டி மாநில அரசு டாக்டர் ராதாகிருஷ்ணன் பெயரில் நல்லாசிரியர் விருது வழங்குகிறது. தேசிய நல்லாசிரியர் விருது 1958 முதல் இருக்கிறது, 2018-ல் மாற்றிய முறைப்படி ஆசிரியரே தன் பெயரை முன்மொழியலாம். இரண்டுக்குமே இவர் ஒருமுறையும் விண்ணப்பித்ததில்லை. தானே தன்னைப் பற்றி எழுத வேண்டும் என்பதே காரணம். 2023-க்கான காலம் குழு அமைவதற்குள் போய்விட்டது, அடுத்த செப்டம்பரில் அவர் பணியில் இருக்கப்போவதில்லை. சரிக்கட்டும் விதமாகத் தனியார் அமைப்பு ஒன்றின் விருதை வாங்கித் தரலாம் என்று ஒரு யோசனை வந்தது. விழாச் செலவில் பங்கு கேட்கும் வகை விருது அது. குழு வேண்டாம் என்றது.

விழா

மார்ச் 23, சனிக்கிழமை என்று குறித்து, மாமன்ற உறுப்பினரிடம் தேதியும் வாங்கியிருந்தார்கள். மார்ச் 16 அன்று மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது, நடத்தை நெறிகள் அமலுக்கு வந்தன. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 வாக்குப்பதிவு. பள்ளியே வாக்குச்சாவடி, ஆசிரியர்களுக்குத் தேர்தல் பயிற்சி வகுப்புகள், தேர்வு அட்டவணையிலும் மாற்றம் வரலாம் என்ற நிலை. அரசியல் பொறுப்பில் இருப்பவரை மேடையேற்றுவது இனி இயலாது. சிறப்பு விருந்தினர் இல்லாத விழாவா என்று கொஞ்சம் மனக்கசப்பு இருந்தது. நடந்ததைப் பார்க்கும்போது தேர்தல் ஆணையம் பெரிய உதவி செய்தது என்றே சொல்ல வேண்டும். விருந்தினருக்காகப் பிள்ளைகள் வெயிலில் காத்திருக்கும் ஒரு மணி நேரம் மிச்சமானது.

ஒரு நாள் முன்னதாக, வேலைநாளான வெள்ளிக்கிழமை மாலை 3 மணிக்கு உள் கூடத்தில் வைத்தார்கள். பிள்ளைகள் இருக்க வேண்டும் என்பதால் வேலைநாள். 75 நிமிடத்தில் முடிந்தது. முதலில் 1-ம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேர் அதுவரை பார்த்திராத ஒரு பத்தியைப் படித்தார்கள். ஒரு பையன் மூன்றாவது வரியில் நின்றுவிட்டான். ஆசிரியை எழுந்து போய் அவன் அருகில் உட்கார்ந்து, அவன் படித்து முடித்த பிறகே திரும்பி வந்தார். முன்னாள் மாணவர் ஐந்து பேர், பத்தாண்டுக்கு ஒருவராவது இருக்கும்படி தேர்ந்தவர்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். பெரும்பாக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு வேன்.

பரிசாகக் கொடுத்தவை, சக ஆசிரியர்கள் சார்பில் ஒரு கைத்தறிச் சேலை, பிறகு 64 பக்கத் தொகுப்பு. அதில் வகுப்பறைக் குறிப்புகள், குரல் பதிவுகளின் எழுத்து வடிவம், படங்கள், 2004-ன் அந்த நான்கு வரி. மூன்று படிகள், தையல் பைண்டிங். ஒன்று அவருக்கு, ஒன்று பள்ளிக்கு, ஒன்று 1-ம் வகுப்பை அடுத்து எடுப்பவருக்கு. மொத்தச் செலவு 10,200 ரூபாய். எட்டு ஆசிரியர்கள் ஆளுக்கு 700, மீதி முன்னாள் மாணவர்கள். தொகுப்புக்கு 2,550, வேனுக்கு 1,500, சுமார் 250 பேருக்குச் சுண்டலும் பெரியவர்களுக்கு டீயும் 3,200, சேலை 1,800, மீதி அச்சும் சில்லறையும். பிளக்ஸ் இல்லை, மாலை இல்லை.

ஏற்புரையில் அவர் பேசியது கொஞ்சம்தான். 31 பேரில் இன்னும் சரளமாகப் படிக்க வராத ஐந்து பேரின் பெயரைச் சொல்லாமல், ஜூனில் அவர்களை முன்வரிசையில் உட்கார வைக்கும்படி 2-ம் வகுப்பு ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டார்.

பிறகு நடந்தவை

மே 31 அன்று பள்ளியில் தலைமை ஆசிரியையும் இளைய ஆசிரியையும் இருந்தார்கள். பீரோச் சாவி, வருகைப் பதிவேடு, கற்றல் அட்டைகள் பட்டியலிட்டு ஒப்படைக்கப்பட்டன. ஓய்வூதிய முன்மொழிவு ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது, 2003 பதிவைப் பற்றித்தான். நகல் கையில் இருந்ததால் பத்து நாளில் பதில் போனது. முதல் ஓய்வூதியம் ஆகஸ்டில் கிடைத்தது. அந்த ஏட்டை நவம்பரில் திறக்காமல் ஏப்ரலில் திறந்திருந்தால் எவ்வளவு இழுத்திருக்கும் என்று அலுவலகப் பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

ஜூன் 10 அன்று பள்ளி திறந்தது. 1-ம் வகுப்புக்கு வந்தவர் வேறு பள்ளியிலிருந்து மாறுதலில் வந்த ஆசிரியை. தொகுப்பில் அவருக்குப் பயன்பட்டவை சாக்பீஸ் துண்டு, கொம்பு அட்டைகள், ஐந்து பிள்ளைச் சுற்று. மற்ற பல அட்டைகள் எண்ணும் எழுத்தும் திட்டக் கையேட்டின் வாரப் பகுப்போடு பொருந்தாமல் அலமாரியில் இருக்கின்றன. ஐந்து பிள்ளைச் சுற்றும் செப்டம்பரில் நின்றுபோனது. இணையப் பதிவேற்ற வேலை மதியத்தை எடுத்துக்கொண்டதுதான் காரணம். டிசம்பரில் வாரத்துக்கு மூன்று நாளாகத் திரும்பத் தொடங்கியிருக்கிறது.

குரல் பதிவுகள் 38-ல் 11 இப்போது இல்லை. எல்லாம் ஒரே ஒருவரின் கைப்பேசியில் இருந்தன. அவர் கைப்பேசி மாற்றியபோது போய்விட்டன. எழுத்து வடிவம் தப்பியது, குரல் போனது.

சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் விழா நாளில் சுண்டல் வேலையில் இருந்தார்கள், மேடைக்கு யாரும் அழைக்கவில்லை. 15 ஆண்டு இவரோடு ஒரே வளாகத்தில் இருந்தவர்கள், எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்தது என்று இவரிடம் வந்து சொன்னவர்களும் அவர்களே. மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது. அவர்களிடம் நினைவுகள் கேட்கப்படவே இல்லை என்பது மேடையைவிடப் பெரிய விடுபாடு.

மாற்ற வேண்டியவை

பணிப்பதிவேட்டைப் பார்ப்பது ஓய்வுக்கு இரண்டு ஆண்டு முன்பே தொடங்க வேண்டும். முந்தைய பள்ளிகளில் பழைய சம்பளப் பட்டியல் தேட ஆகும் காலம் யார் கையிலும் இல்லை. பெயர், முன்னெழுத்து, வாரிசு நியமனம் மூன்றையும் ஆசிரியரே ஒரு மாலையில் சரிபார்த்துவிடலாம்.

வகுப்பறைக் குறிப்பெடுப்பு நவம்பரில் தொடங்கியதால் ஜூன் மாதத்து மூன்று வாரம் நேரில் பார்க்கப்படவில்லை, கேட்டு எழுதியதுதான் தொகுப்பில் இருக்கிறது. 1-ம் வகுப்பில் ஜூன் தான் முக்கியம். கடைசிக் கல்வியாண்டின் முதல் நாளிலிருந்தே ஒருவர் உடன் உட்கார வேண்டும், அவர் அடுத்து அதே வகுப்பை எடுக்கப்போகிறவராக இருந்தால் தொகுப்பில் பாதிக்கு வேலையே இருக்காது. இந்தப் பள்ளியில் உட்கார்ந்தவர் ஒருவர், வகுப்பை எடுத்தவர் வேறொருவர்.

விருதுக்கு முன்மொழிவதா இல்லையா என்பதை ஆசிரியரிடம் விடாமல் தலைமை ஆசிரியரும் மேலாண்மைக் குழுவும் ஓய்வுக்கு மூன்று நான்கு ஆண்டு முன்பே பேசி, விவரக் கோப்பைத் தாங்களே தயாரித்துக் கையில் கொடுக்கலாம். கூச்சப்படுபவர் கையெழுத்துப் போடக்கூடும், எழுத உட்கார மாட்டார்.

குரல் பதிவுகளைப் பள்ளிக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலுமாக இரண்டு இடத்தில், ஆண்டும் பெயரின் முதலெழுத்தும் போட்டு வைப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. இதே பள்ளியில் அடுத்த பணிநிறைவு 2027-ல், சத்துணவுச் சமையலருடையது. அவருடைய பணி ஆவணங்களின் நகல் வாங்க விண்ணப்பம் கொடுத்தாயிற்று. 4-ம் வகுப்பு ஆசிரியர் வாரம் ஒருநாள் சமையலறையில் குறிப்பெடுக்கிறார்.